21 நாளும் ஏ9 வீதியும்

வன்னியில் ஒரு காலத்தில் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசினவர்கள் குறைவு. "அவரை மகரகமவுக்குக் கொண்டு போட்டினம்" என்றால் போதும், கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். கொழும்பை அடுத்த அந்த ஊரில்தான் நாட்டின் தேசியப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. இன்று அதற்கு அபேக்ஷா என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் சனத்துக்கு அது இன்னும் மகரகமதான். கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 330 கிலோமீற்றர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருபவருக்கு அதைவிடக் கூட.

நுரையீரல் புற்றுநோய் என்றால் அந்தப் பயணம் தொடங்குவதற்கே மாதங்கள் போய்விடும். வயலில் நின்று சுருட்டும் பீடியும் இழுத்த மனிதர் இருமினால் அது சுருட்டு இருமல். சளியில் குருதி கண்டால் காசம். உண்மையில் பலருக்குக் காசமாகவே இருந்தது. அதனால் எவரையும் குறை சொல்ல முடியாது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒரு சுற்றுக் காச மருந்து, அதற்கும் இருமல் நிற்காவிட்டால் மீண்டும் எக்ஸ்ரே. படத்தில் வெள்ளையாகத் தெரிவது காசத்தின் தழும்பா, கட்டியா என்று முடிவுகட்ட ஒரு துண்டுத் தசை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாழ்ப்பாணம் அல்லது வெலிசறை. வெலிசறை என்ற பெயரும் வன்னிக்காரருக்குப் புதிதல்ல. நெஞ்சு நோய்க்காரர் போகும் ஊர் அது. இப்படி ஊர் ஊராகச் சுற்றி நோயின் பெயர் தெரியவரும்போது, அது ஒரு பக்கத்து நுரையீரலைத் தாண்டி எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருக்கும். அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி, "மருந்து ஏத்துவம்" என்பார்கள்.

மருந்து ஏற்றுவது 21 நாளுக்கு ஒருமுறை. இந்தக் கட்டுரை அந்த 21 நாளைப் பற்றியதுதான்.

சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தை, உடம்பு தாங்கும் உச்ச அளவில், ஒரே நாளில் குழாய்வழி ஏற்றுவார்கள். வேகமாகப் பெருகும் கலம் எதுவானாலும் அந்த மருந்து அதை அடிக்கும். புற்றுக் கலமும் அதில் அடக்கம், என்பு மச்சையில் பிறக்கும் வெண்குழியமும் அடக்கம். பத்துப் பதினாலு நாளில் வெண்குழியங்கள் அடிமட்டத்துக்கு விழும். அந்த வாரத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சலும் ஆளைக் கொண்டுபோய்விடலாம். மூன்றாம் வாரம் முடியும்போது எண்ணிக்கை மேலே வந்திருக்கும், அடுத்த தவணை. அதாவது 21 என்பது கட்டியைப் பார்த்து வைத்த கணக்கல்ல, நோயாளியின் மச்சை எழுந்து நிற்க எடுக்கும் காலம். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் அலபாமாவில் இருந்த ஹொவார்ட் ஸ்கிப்பர். ஒவ்வொரு தவணையும் இருக்கும் புற்றுக் கலங்களில் ஒரே விகிதத்தைக் கொல்லும், ஆகவே அளவு கூடக் கூட நல்லது என்று 1960களில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை வைத்துக் காட்டினார். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் அந்தக் கொள்கை பெரிய வெற்றி கண்டது. நுரையீரலில் அவ்வளவு இல்லை. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பிளாட்டினம் வகை மருந்தோடு வேறொன்றைச் சேர்த்து நான்கு விதமாகக் கொடுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தது. நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுத்தர வாழ்நாள் ஏறக்குறைய 8 மாதம்தான்.

அந்த எட்டு மாதத்துக்குள் நான்கு முதல் ஆறு தவணை. ஒவ்வொன்றுக்கும் போக ஒரு நாள், ஏற்ற ஒரு நாள், வர ஒரு நாள், பிறகு வாந்தியோடு படுக்கை. கூடப் போக ஓர் ஆள் வேண்டும்; அவருடைய கூலியும் போய்விடும்.

இது ஏ9 வீதி திறந்திருந்தால்.

1990க்குப் பிறகு போரால் வன்னியின் வீதி பெரும்பாலும் திறந்திருக்கவில்லை. மருந்துகள் உட்பட எத்தனையோ பொருட்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1996இல் கிளிநொச்சி நகரம் கைமாறியபோது அதன் வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. சண்டை நகர நகர, வவுனியாவுக்குப் போகும் வழியும் நகர்ந்தது: ஒரு காலம் ஓமந்தை, ஒரு காலம் உயிலங்குளம், ஒரு காலம் பிரமனாலங்குளம். நோயாளிக்குச் சண்டை பிடித்த இரண்டு பக்கத்திலும் அனுமதி வேண்டும், கூடப் போகிறவருக்கும் வேண்டும். வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் கொழும்புக்குப் போக மறுபடி ஒரு பாஸ். என்பு மச்சை 21 நாளில் தயாராகிவிடும், பாஸ் அப்படியல்ல. தவணை தப்பினால் கட்டிக்குத்தான் லாபம். ஒருதரம் போய் ஏற்றிக்கொண்டு வந்து, மறுதரம் போக முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டவர்களை அந்தத் தலைமுறை நன்றாக அறியும். அவர்களின் கிளினிக் கொப்பியில் இரண்டு மூன்று திகதி எழுதியிருக்கும், அதன்பின் வெறும் பக்கம்.

2002 யுத்த நிறுத்தத்தோடு ஏ9 திறந்தது. நாலு வருடம் பஸ் ஓடியது. 2006 ஓகஸ்ட்டில் முகமாலைக் கடவை மூடப்பட்டது. வடக்கே யாழ்ப்பாண வழி அத்தோடு முடிந்தது. போர் முடிந்த 2009இல் நடந்ததைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. பெப்ரவரியிலிருந்து மே முற்பகுதி வரை, புதுமாத்தளன் பக்கத்துக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயக்காரரையும் நோயாளரையும் அவர்களோடு போன உறவினரையும் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றி இறக்கியது. தொகை 14,000ஐ நெருங்கும். குண்டுக் காயத்தோடு கிடந்தவர்களுக்கு நடுவே புற்றுநோய்க்காரர் தன் முறையைக் கேட்கவும் கூசியிருப்பார்.

இன்று அந்த வீதி கார்பெட் போட்ட வீதி. 2010இலிருந்து எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 2011இல் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறைக்கு, தீவின் தென்முனையிலிருந்து வடமுனைக்கு, ஒரு கூட்டம் நடந்தே வந்தது. அந்த நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடம் எழுந்தது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கு. அந்தக் கடைசித் துண்டுப் பாதையில் தெல்லிப்பழையும் ஒரு நிலையம். மகரகம என்ற ஒரே பெயருக்குப் பக்கத்தில் இப்போது தெல்லிப்பழை என்ற பெயரும் வந்துவிட்டது. வவுனியாக்காரர் பலருக்கு இந்தச் சிகிச்சைக்கு அநுராதபுரம் கிட்ட. கிளிநொச்சியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் தெல்லிப்பழையில் கிளினிக் பார்த்துவிட்டுப் பொழுதுபடத் திரும்பலாம். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் மடியில் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையும், கையில் மடித்த பொலித்தீன் பையுமாக ஒருவர் யன்னலோரம் இருந்தால் கொண்டக்டர் ஒன்றும் கேட்பதில்லை. அந்தப் பை வாந்திக்கு.

ஆனாலும் புதுக்குடியிருப்பிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ வருகிறவர் முதலில் பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ வரவேண்டும். 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் ஒன்றாய் வந்தபோது, வீதி திறந்திருந்தும் தவணைகள் தப்பின. வீதி மாறியது, வைத்தியசாலை கிட்ட வந்தது, 21 நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த 21 நாளை வேறொரு பக்கத்திலிருந்து கேள்வி கேட்ட ஆய்வுகள் வெளிவந்த மாதத்தை வன்னி வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது: 2000 ஏப்ரல். ஆனையிறவுச் சண்டை உச்சத்தில் இருந்த மாதம். பொஸ்டனில் ஜூடா ஃபோக்மன் 1971இலேயே ஒரு விடயம் சொல்லியிருந்தார்: கட்டி வளரவேண்டுமானால் தனக்கென்று புதுக் குருதிக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் குழாய்களை நிறுத்தினால் கட்டியையும் நிறுத்தலாம். அவருடைய ஆய்வுகூடத்தில் திமோதி பிரவுடர் என்பவர் எலிகளுக்கு நுரையீரல் புற்றுக் கட்டியை வைத்தார். சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய மருந்துக்கு அடங்காதபடி ஏற்கெனவே பழக்கப்படுத்திய கட்டி அது. அதே மருந்தைத்தான் கொடுத்தார். நீண்ட ஓய்வு விடாமல், ஆறு நாளுக்கு ஒருமுறை. அடங்காத கட்டியும் மட்டுப்பட்டது. மருந்து அடித்தது கட்டியை அல்ல, கட்டிக்குச் சோறு போடும் குழாய்களின் உட்சுவர்க் கலங்களை. மூன்று வார ஓய்வில் அந்தக் கலங்கள் தங்களைச் செப்பனிட்டுக்கொண்டுவிடும். ஆறு நாளில் நேரமில்லை. அதே மாதம் ரொறன்ரோவில் ரொபேட் கேர்பலின் குழுவும் வேறு மருந்தை வைத்து இதே திசையில் ஒரு முடிவை வெளியிட்டது. இரண்டையும் பற்றி எழுதிய டக்ளஸ் ஹனஹன், சங்கீதக்காரர் தாளம் தப்பாமலிருக்க வைத்துக்கொள்ளும் கருவியின் பேரால் இதற்கு மெட்ரோனோமிக் கீமோ என்று பெயர் வைத்தார். குறைந்த அளவு, நெருங்கிய தவணை, நீண்ட இடைவெளி கிடையாது. பெரும்பாலும் வாயால் விழுங்கும் குளிசை.

குருதிக் குழாய்க் கதை உண்மைதான், முழுக்கதை அல்ல. கடந்த இருபது வருடத்தில் ஆய்வாளர்களை இழுத்தது அடுத்த பாதி: நிர்ப்பீடனம். இந்த இடத்தில் வழக்கமாக எல்லாரும் படை, காவல், முற்றுகை என்று எழுதுவார்கள். வன்னிக்காரருக்கு அந்த உவமைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே நடப்பதை நேராகவே சொல்லிப் பார்க்கிறேன்.

பெரிய அளவு கீமோ வெண்குழியங்களை வீழ்த்தும். எனவே கீமோவும் நிர்ப்பீடனமும் ஒன்றுக்கொன்று எதிரி என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள். சிறிய அளவில் கணக்கு மாறுகிறது. எங்கள் உடம்பில் டி-கலங்கள் என்ற வெண்குழியங்களில் ஒரு சிறு பிரிவு, மற்ற டி-கலங்களை அடக்கி வைப்பதையே வேலையாகக் கொண்டது. உடம்பு தன்னைத்தானே தாக்காமலிருக்க அந்தப் பிரிவு தேவை. ஆனால் கட்டிகள் இந்த அடக்கும் கலங்களைத் தங்களைச் சுற்றி நிரப்பிக்கொள்கின்றன. சைக்ளோபொஸ்பமைட்டைச் சிறிய அளவில் கொடுக்கும்போது முதலில் குறைவது இந்த அடக்கும் கலங்கள்தான். 2007இல் பிரான்சில், வேறு வழியில்லாத கட்டத்திலிருந்த நோயாளிகளுக்கு 50 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு இரண்டாக, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டுப் பார்த்தார்கள். அடக்கும் கலங்கள் குறைந்தன, மற்ற டி-கலங்களும் இயற்கைக் கொல்லிக் கலங்களும் திரும்ப வேலைக்கு வந்தன. அவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. குருதியில் அளந்ததைச் சொன்னது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, கலத்துக்குள்ளேயே நடக்கும் சமிக்ஞை. கலத்தின் டிஎன்ஏ கருவுக்குள் இருக்க வேண்டியது. வெளியே குழியவுருவில் அதற்கு வேலையில்லை. அங்கே டிஎன்ஏ துண்டு கிடந்தால் ஒன்றில் வைரஸ் புகுந்திருக்கிறது, அல்லது கரு உடைந்திருக்கிறது. இதை உணர்ந்துகொள்ளும் புரதத்துக்கு சிகாஸ் என்று பெயர். டெக்சாஸின் டலஸ் நகரில் ஜேம்ஸ் சென்னின் குழு 2013இல் கண்டுபிடித்தது. சிகாஸ், ஸ்டிங் என்ற அடுத்த புரதத்தைத் தட்டிவிடும். ஸ்டிங், இன்டர்ஃபெரோன் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கச் சொல்லும். இன்டர்ஃபெரோன் பரவிய இடத்தில் இன்னொரு சுரப்பு எழுந்து, குருதியில் சுற்றித்திரியும் கொல்லும் டி-கலங்களைக் கட்டிக்குள் அழைக்கும். டிஎன்ஏயைச் சேதப்படுத்தும் கீமோ மருந்து எதுவும் இந்தத் தொடரைத் தொடக்கிவிடக்கூடும். கட்டியை நேரே கொல்ல மாட்டாத அளவு மருந்துகூட, கட்டி இருக்கும் இடத்தை உடம்புக்குக் காட்டிக்கொடுக்கப் போதுமாக இருக்கலாம்.

அளவு கூடினால் இந்தச் சமிக்ஞையும் கூடவேண்டும் என்றுதானே தோன்றும்? கதிர்ச் சிகிச்சையில் 2017இல் இதற்கு எதிராக ஒன்று தெரியவந்தது. ஒரு தவணைக் கதிரின் அளவு ஒரு மட்டத்தைத் தாண்டியதும், குழியவுருவில் சிதறும் டிஎன்ஏயைத் தின்று துப்புரவாக்கும் ட்ரெக்ஸ்1 என்ற நொதி கிளம்பிவிடுகிறது. துண்டுகள் மறைகின்றன, சமிக்ஞை அணைகிறது. அதைவிடக் குறைந்த அளவை மீள மீளக் கொடுத்தால் சமிக்ஞை நிற்கிறது. கதிருக்கு உள்ளது கீமோவுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் "கூடக் கூட நல்லது" என்ற ஸ்கிப்பரின் கணக்குக்கு, நிர்ப்பீடனம் என்று வரும்போது, பெரிய ஓட்டை இருக்கிறது என்பதை அது காட்டியது.

நுரையீரல் புற்றுநோய் இந்தக் கதையில் சொன்னபடி கேட்கும் பிள்ளை அல்ல. பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் வாக்ஸ்மனின் குழு ஆறு நாள் தவணைச் சைக்ளோபொஸ்பமைட்டை எலிகளில் விடாமல் தொடர்ந்து பார்த்தது. ஒரு வகை மூளைக் கட்டிக்குள் நிர்ப்பீடனக் கலங்கள் திரளாகப் போய்க் கட்டியையே கரைத்தன. நுரையீரல் கட்டியில் அந்தத் திரட்சி சோர்ந்துபோயிருந்தது. மருந்து ஒன்று, தவணை ஒன்று, கட்டி வேறு. மனித நுரையீரல் புற்றுநோயில் ஒரு காரணம் 2019இல் தெளிவானது. கேராஸ் என்ற மரபணு கெட்டு உருவாகும் கட்டிகளில், எல்கேபி1 என்ற இன்னொரு மரபணுவும் தொலைந்துபோனால், கட்டி ஸ்டிங் புரதத்தையே நிறுத்திவைத்துக்கொள்கிறது. டிஎன்ஏ எவ்வளவு சிதறினாலும் அழைப்புப் போகாது. இன்டர்ஃபெரோன் நெடுங்காலம் ஓடினாலும் தொல்லை: கட்டி தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தை ஏற்றிக்கொண்டு, வந்த டி-கலத்தைச் சோரவைக்கும். அந்தப் பிடியை அவிழ்க்கும் மருந்துகள்தான் 2018 நோபல் பரிசுக்குக் காரணமான ஆய்விலிருந்து பிறந்தவை. அதே 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமான 21 நாள் கீமோவோடு அவற்றில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாப்பைச் சேர்த்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 69 வீதம். கீமோ மட்டும் பெற்றவர்களில் 49 வீதம். எதிரிகள் என்று நினைத்த இரண்டும் ஒரே போத்தல் வரிசையில் தொங்கத் தொடங்கின. அந்த மருந்தின் விலையை வன்னியில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். காணி விற்றாலும் காணாது.

சிறிய அளவு, நெருங்கிய தவணை என்ற யோசனையை மனிதரில் ஒழுங்காகச் சோதித்தது, எங்களுக்குக் கிட்ட, மும்பை. டாட்டா நினைவு மருத்துவமனையில் குமார் பிரபாஷ், விஜய் பாட்டீல் குழுவினர். அவர்கள் எடுத்தது நுரையீரல் அல்ல, வாய், தொண்டைப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் விட மாட்டாத எங்கள் பக்கத்துக்கு அதுவும் அந்நியமான நோயல்ல. இலங்கை ஆண்களில் முதலிடம் அதற்குத்தான். 422 நோயாளிகள். ஒரு பாதிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். மறு பாதிக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் குளிசை, நாளுக்கு இரண்டு தரம் செலிகொக்சிப் என்ற வலிக் குளிசை. 2020இல் முடிவு வந்தது. குளிசைக்காரருக்கு நடுத்தர வாழ்நாள் 7.5 மாதம், ஏற்றினவருக்கு 6.1 மாதம். கடுமையான பக்கவிளைவு குளிசையில் 19 வீதம், ஏற்றினதில் 30 வீதம்.

ஒன்றரை மாதம்தானே என்று சொல்லலாம். ஆனால் அது வீட்டில் இருந்து பெற்ற ஒன்றரை மாதம். சிஸ்பிளாட்டின் தனியாகக் கொடுப்பது பணக்கார நாடுகளின் உச்ச வைத்தியம் அல்ல, ஆகவே ஒப்பீடு சரியில்லை என்றும் சிலர் சொன்னார்கள். நியாயமான குறைதான். எனக்கு மும்பைக்காரர் செய்தது சரியென்றே படுகிறது; தங்கள் வாசலில் நிற்கும் நோயாளிக்கு உண்மையில் கிடைப்பது எதுவோ அதோடுதான் ஒப்பிட்டார்கள். 2023இல் இன்னும் ஒரு படி போனார்கள். முன்னைய இரண்டோடு இன்னொன்று சேர்ந்த மூன்று குளிசைத் தொகுதியோடு, பிடி-எல்1 பிடியை அவிழ்க்கும் நிவோலுமாப்பை, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கே 240 மில்லிகிராம் ஏற்றும் மருந்து அது. ஒரு வருடம் தாண்டியவர்கள் 16 வீதத்திலிருந்து 43 வீதமானார்கள்.

நுரையீரலில் இவ்வளவு பெரிய செய்தி இல்லை. வினோரெல்பின் என்ற குளிசையை 50 மில்லிகிராம் வீதம் வாரம் மூன்று நாள், வயதானவருக்கும் பிளாட்டினம் தாங்காதவருக்கும் ஐரோப்பாவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2021இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், அதே மருந்தை வாரம் ஒருமுறை பெரிய அளவில் விழுங்கியவர்களைவிட இவர்களுக்கு வெண்குழிய வீழ்ச்சி குறைவு, வாழ்நாள் ஏறக்குறைய ஒன்றே. ஆள் கூடுதல் நாள் வாழவில்லை. வாழ்ந்த நாளில் வெண்குழியம் விழுந்து கிடக்கும் ஆபத்து குறைந்தது. எழுபது வயது ஐயா ஒருவர் திண்ணையில் இருந்து பேரப்பிள்ளையோடு கதைப்பதற்கும் வாட்டில் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுவாக இருக்கலாம். அதற்கு மேல் அந்த ஆய்வை இழுக்கக் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்குத் தினமும் ஒரு குளிசை விழுங்கி இரண்டு வருடம் நன்றாக இருந்த ஒருவரை நீங்கள் அறிந்திருக்கலாம். அது பெரும்பாலும் இந்த வைத்தியம் அல்ல. ஆசியரில், அதிலும் புகைக்காத பெண்களில், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறிய கட்டிகள் அதிகம். அவற்றுக்கென்றே செய்த ஜெஃபிட்டினிப் போன்ற குளிசை அது. 2009இல் அதன் பலன் நிலைநாட்டப்பட்டது. புகையே பிடிக்காமல், ஆனால் விறகடுப்புப் புகைக்குள் நாற்பது வருடம் நின்ற அம்மா ஒருவருக்கு நுரையீரலில் கட்டி என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பரிசோதனை செய்தார்களா என்பது. சின்ன அளவுக் கீமோ அதற்குப் பின்னால் வரும் பேச்சு.

இந்தச் சின்ன அளவு முறை வன்னிக்குப் பொருத்தமாகத் தோன்றுவது எனக்கும் தெரிகிறது: பஸ் செலவு குறையும், மருந்து பழையது, மலிவு, வீட்டில் இருக்கலாம். அந்தப் பொருத்தம்தான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது. தூரத்துச் சனத்துக்கு இது போதும் என்று ஒரு வைத்தியத்தை ஒதுக்கிவிடுவது யாருக்கும் எளிது. போரின்போது எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 'இருக்கிறதைக் கொண்டு சமாளி' வைத்தியம்தான். மும்பைக்காரர் குளிசையை இரக்கத்தில் கொடுக்கவில்லை. நானூற்றுச் சொச்சம் பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, எண்ணி, தோற்றால் தோற்றதாக எழுதத் தயாராக இருந்து கொடுத்தார்கள். எவருக்கு ஸ்டிங் வேலை செய்கிறது, எவருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கும் வேலையும் நுரையீரலில் நடந்தாக வேண்டும். தெல்லிப்பழைக்கு வரும் நோயாளிகளிலும் இதே ஒழுங்கோடு ஓர் ஆய்வு நடத்த முடியாது என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது, நோயாளர் இருக்கிறார்கள், கிளினிக் கொப்பிகளில் திகதிகள் இப்போது தொடர்ந்து எழுதப்படுகின்றன.

வீட்டில் விழுங்கும் கீமோ ஆபத்தில்லாத கீமோவும் அல்ல. குருதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அதை மாவட்ட வைத்தியசாலையிலேயே எடுத்து, அறிக்கையை மட்டும் தெல்லிப்பழைக்கு அனுப்பலாம். சைக்ளோபொஸ்பமைட் குளிசையைப் பிள்ளைத்தாய்ச்சி மருமகள் வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீர்ப் பையையும் மச்சையையும் அது கெடுக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய பயம் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டிய அந்தச் சின்ன மஞ்சள் குளிசையைப் பிரஷர் குளிசைபோல் நாளாந்தம் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வாயெல்லாம் புண்ணாகி, மச்சை வற்றி, வைத்தியசாலைக்கு வரும்போது பிந்திவிடும். எங்கள் மருந்து உறைகளில் இன்னும் அனேகமாக ஆங்கிலச் சுருக்கெழுத்துத்தான் இருக்கிறது; வீட்டில் அதை வாசிப்பது பள்ளிக்கூடம் போகும் பேத்தி. அந்த உறையின் மேல் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு கிழமையின் பெயரைப் போட வேண்டும். 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று. மிச்ச ஆறு நாளுக்கும் அந்த உறைக்குள் குளிசையே இருக்கக் கூடாது. ஒரு வாரத்து எண்ணிக்கையை மட்டும் தனி உறையில் கட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆய்வும் தேவையில்லை, நடைபயணமும் தேவையில்லை. மருந்து கொடுக்கும் யன்னலில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு நிமிடம் வேண்டும், அவ்வளவுதான்.